ஆசிரியர் சிந்தனைக் குழு: ஆரம்பித்த சூடு ஆறாமல் நடத்துவது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்துப் பள்ளிகளில் ஆசிரியர்கள் தாங்களாகவே கூடித் தங்கள் வகுப்பை அசைபோடும் சிறு குழுக்களுக்காக இந்தப் பக்கம். குழுவைத் தொடங்குவதில் யாருக்கும் சிரமம் இல்லை. ஜூலையில் தொடங்கியது தீபாவளியைத் தாண்டுமா என்பதுதான் கேள்வி. கீழே உள்ளவை பெரும்பாலும் அதைப் பற்றியவை.

ஸ்டாஃப் மீட்டிங் இருக்கிறது, குறுவள மையக் கூட்டம் இருக்கிறது. இன்னொன்று எதற்கு?

அந்த இரண்டிலும் பேசப்படும் விஷயம் மேலிருந்து வருகிறது. ஸ்டாஃப் மீட்டிங்கில் சுற்றறிக்கை வாசிப்பார்கள். யார் எந்தப் பணி, எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளத்தில் எது பாக்கி என்று பேசி முடிப்பார்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் குறுவள மையத்தில் பயிற்சிக் கட்டகம் கையில் இருக்கும். 2022-23இல் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்குப் பருவத்துக்குப் பருவம் பயிற்சி நடக்கிறது. அவை தேவைதான். ஆனால் நம் வகுப்பில் மூன்றாவது வரிசையில் இருக்கும் பிள்ளை ஏன் கழித்தல் கணக்கில் மட்டும் மாட்டிக்கொள்கிறது என்பதற்கு எந்தக் கட்டகத்திலும் பக்கம் ஒதுக்கியிருக்காது. சிந்தனைக் குழு அந்தப் பிள்ளையின் நோட்டிலிருந்து தொடங்குகிறது. பேச வேண்டியதை ஆசிரியரே கொண்டுவருகிறார், நடத்துவதும் ஆசிரியரே. யாருக்கும் அறிக்கை போவதில்லை.

முதல் இரண்டு கூட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். மூன்றாவது மாதம் ஆள் குறைந்துவிட்டது. ஆர்வம் போய்விட்டதா?

பெரும்பாலும் ஆர்வம் அப்படியேதான் இருக்கும், அறுந்தது கண்ணி. முதல் கூட்டத்தில் நன்றாகப் பேசினோம். இரண்டாவதில் வேறொரு தலைப்பை நன்றாகப் பேசினோம். மூன்றாவதில் இன்னொன்று. முதலில் பேசியது என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் செய்து பார்க்கவும் தோன்றாது. செய்து பார்க்காத பேச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் நாலாவது தடவை சலித்துப்போகும். நோட்டுத் திருத்தும் வேலை அதைவிட முக்கியமாகத் தெரியும். அப்படித் தெரிவதில் தவறும் இல்லை.

எனவே ஒரு குழுவை ஓட வைப்பது "போன தடவை செய்து பார்க்கிறேன் என்றீர்களே, என்ன ஆச்சு?" என்ற ஒரே கேள்விதான். ஒவ்வொரு கூட்டமும் இந்தக் கேள்வியில் தொடங்க வேண்டும். மாதம் இரண்டு தடவை கூடியும் இதைக் கேட்காத குழுவைவிட, ஆறு வாரத்துக்கு ஒருமுறை கூடி இதைக் கேட்கும் குழு நீண்ட நாள் நிற்கும்.

எத்தனை பேர்? எந்தக் கிழமை? எவ்வளவு நேரம்?

நான்கு முதல் ஏழு பேர். எட்டைத் தாண்டினால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பத்துப் பேர் உட்கார்ந்தால் மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கைபேசியைப் பார்ப்பார்கள்.

நேரம் ஒரு பாடவேளை, அதாவது நாற்பது நிமிடம். பள்ளி விட்ட பிறகு வைத்தால் நிற்காது. கும்பகோணத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்து போகிறவர்களுக்கு ஒரு டவுன் பஸ் தவறினால் அடுத்தது முக்கால் மணி நேரம் கழித்து; பாதிப் பேச்சில் எழுந்து ஓடுவார்கள். காலையில் வைப்பதும் இப்போது கடினம். 2023 ஆகஸ்ட் 25இல் திருக்குவளையில் தொடங்கிவைத்து, காலை உணவுத் திட்டம் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. பிள்ளைகள் சாப்பிடும் நேரத்தில் ஆசிரியரின் கண் அங்கேதான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

புதன் அல்லது வியாழன் கடைசிப் பாடவேளை ஓரளவு தாங்கும். திங்களன்று வாரத்தின் புள்ளிவிவரங்கள் கேட்பார்கள். வெள்ளியன்று எல்லோர் மனமும் ஊருக்குக் கிளம்பியிருக்கும். அந்தப் பாடவேளையில் விளையாட்டு, நூலகம், ஓவியம் போன்றவை வருமாறு கால அட்டவணை போடும்போதே பார்த்துக்கொண்டால் இரண்டு வகுப்பை ஒருவர் சேர்த்துப் பார்த்துக்கொள்ள முடியும். ஜூன் மாதத்தில் பத்து நிமிடம் செலவழித்துச் செய்ய வேண்டிய வேலை இது. ஆகஸ்டில் யோசித்தால் அட்டவணை அசையாது.

நாற்பது நிமிடத்தை எப்படிப் பிரிப்பது?

முதல் 5 நிமிடம், போன தடவை செய்வதாகச் சொன்னதன் பாக்கி. அடுத்த 7 நிமிடம் ஒருவர் தன் விஷயத்தை வைக்கிறார். வாயால் மட்டும் சொன்னால் போதாது, மேசை மேல் ஒரு பொருள் இருக்க வேண்டும்: பிள்ளைகளின் மூன்று நோட்டுகள் (நன்றாகச் செய்தது ஒன்று, நடுத்தரம் ஒன்று, மாட்டிக்கொண்டது ஒன்று), அல்லது ஒரு வினாத்தாள், அல்லது பிள்ளை வாசித்ததன் ஒரு நிமிட ஒலிப்பதிவு. பிறகு 5 நிமிடம், விவரம் கேட்கும் கேள்விகள் மட்டும். "எத்தனை பேர் இப்படி எழுதினார்கள்?" என்பது விவரக் கேள்வி. "இப்படிச் செய்து பார்த்தீர்களா?" என்பது கேள்வி வேஷம் போட்ட அறிவுரை, அதை நிறுத்துங்கள்.

அதற்குப் பிறகு 12 நிமிடம் மற்றவர்கள் பேச, விஷயத்தை வைத்தவர் வாய் திறக்காமல் கேட்கிறார். இதுதான் எல்லோருக்கும் முதலில் செயற்கையாகத் தோன்றும், முதலில் கைவிடப்படுவதும் இதுதான். கைவிடாதீர்கள். அவர் பதில் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு விசாரணையாகிவிடும். ஒவ்வொரு யோசனைக்கும் "அதெல்லாம் செஞ்சாச்சு சார்" என்று தற்காப்பு வரும். அவர் மௌனமாக எழுதிக்கொண்டிருந்தால், பேசுகிறவர்களும் அவரைத் திருத்துவதை விட்டு நோட்டைப் பார்ப்பார்கள். அடுத்த 4 நிமிடம் அவர் தனக்கு எது பட்டது என்று சொல்கிறார். கடைசி 7 நிமிடத்தில் ஒவ்வொருவரும் அடுத்த கூட்டத்துக்குள் செய்து பார்க்கப்போகும் ஒன்றே ஒன்றைச் சொல்ல, அது நோட்டில் ஏறுகிறது.

"இனி அதிகக் கவனம் செலுத்துவேன்" என்று எழுதக் கூடாது. எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்த நாள், என்ன செய்வேன் என்று இருக்க வேண்டும். ஒரே பாடவேளைக்குள் அடங்க வேண்டும். அதைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டால் செய்ய மாட்டார், செய்யாததால் அடுத்த கூட்டத்துக்கு வரக் கூச்சப்படுவார். இரண்டு பேர் இப்படி ஒதுங்கினாலே ஐந்து பேர் குழு மூன்றாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

நான்காம் வகுப்புக் கணக்கு. 402-இலிருந்து 178-ஐக் கழிக்க வேண்டும். விடை 224. நோட்டில் இருப்பது 376. முதலில் வரும் பேச்சு எப்போதும் ஒன்றுதான்: கவனம் இல்லை, வாய்ப்பாடு தெரியவில்லை, வீட்டில் பார்ப்பதில்லை. வாய்ப்பாட்டுக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை என்பதை யாராவது நினைவூட்ட வேண்டும்.

நோட்டை உற்றுப் பார்த்தால் 376 எப்படி வந்தது என்று தெரியும். 8-இலிருந்து 2 போனால் 6. 7-இலிருந்து 0 போனால் 7. 4-இலிருந்து 1 போனால் 3. பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது. தவறுதான், ஆனால் கவனக்குறைவு இல்லை. ஒழுங்காகப் பின்பற்றிய ஒரு தப்பான விதி. கவனக்குறைவு என்றால் இன்னும் பத்துக் கணக்குக் கொடுப்போம். அந்த விதி இன்னும் இறுகும்.

இங்கே குழு எட்டக்கூடிய ஒரு யோசனை: ஈர்க்குச்சியை ஒடித்துப் பத்துப் பத்தாகக் கட்டுவது, பத்துக் கட்டைச் சேர்த்து நூறாகக் கட்டுவது. 402 என்றால் நான்கு பெரிய கட்டு, இரண்டு உதிரி. உதிரியிலிருந்து எட்டு எடுக்க முடியாது, பத்துக் கட்டும் இல்லை. பெரிய கட்டு ஒன்றை அவிழ்த்துப் பத்துச் சிறு கட்டாக்கி, அதில் ஒன்றை அவிழ்க்க வேண்டும். இப்போது மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு உதிரி. பூஜ்யத்துக்கு மேல் 9 எங்கிருந்து வந்தது என்று பிள்ளை கையால் பார்த்துவிடுகிறது.

நோட்டில் எழுத வேண்டியது: "செவ்வாய் இரண்டாம் பாடவேளை, ஆறு பிள்ளைகளுடன் ஈர்க்குச்சிக் கட்டு, வெள்ளியன்று 503-இலிருந்து 267 கழிக்கச் சொல்லிப் பார்ப்பது." அந்த வெள்ளிக்கிழமை 236 வந்தால் சரி. 364 வந்தால் பழைய விதி இன்னும் உயிரோடு இருக்கிறது. எது வந்தாலும் அடுத்த கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடம் தயார்.

ஆண்டுக்கு எத்தனை கூட்டம் நடத்த முடியும்? மழைக்காலத்தில் எல்லாம் குலைந்துவிடுகிறதே?

டெல்டாவில் பன்னிரண்டு நடந்தால் நல்ல ஆண்டு. ஜூலையில் இரண்டு, ஆகஸ்டில் இரண்டு, செப்டம்பரில் காலாண்டுத் தேர்வுக்கு முன் ஒன்று. அக்டோபர், நவம்பர், டிசம்பரில் மாதம் ஒன்று. பொங்கல் கழித்து ஒன்று, பிப்ரவரியில் இரண்டு, மார்ச்சில் ஒன்று. ஜூனில் வைக்காதீர்கள்; சேர்க்கை, புத்தகம், சீருடை, எமிஸ் என்று தலை நிமிர முடியாது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் செய்முறைத் தேர்வு தொடங்கியபின் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்களை எதிர்பார்க்க வேண்டாம்; பத்துக் கூட்டமே போதும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதோடு தீபாவளி, அரையாண்டு, மாவட்டத்துக்கு ஏற்ற உள்ளூர் விடுமுறைகள்: தஞ்சாவூரில் சதய விழா, மயிலாடுதுறையில் கடைமுகத் தீர்த்தவாரி, அதற்கு முன்பே நாகப்பட்டினத்தில் வேளாங்கண்ணித் திருவிழா. இவற்றை நாட்காட்டியில் குறித்துவிட்டுப் பிறகு கூட்ட நாளைக் குறியுங்கள். மழை விடுமுறையில் விழுந்த கூட்டத்தை வேறு நாளுக்குத் தள்ளிப் போடாதீர்கள். தள்ளிப் போட்டது இன்னொரு மழையில் விழும், பிறகு யாருக்கும் நினைவிருக்காது. விடுமுறைக்கு ஈடாகச் சனிக்கிழமை பள்ளி வைத்தால் அன்று பிள்ளைகள் குறைவாகத்தான் வருவார்கள். பதினைந்து நிமிடக் கூட்டத்துக்கு அது போதும். புது விஷயம் வேண்டாம். "செய்து பார்த்தது என்ன ஆச்சு" மட்டும் பேசிக் கலையலாம். மழைக்கால மூன்று மாதத்தில் கண்ணி அறாமல் இருந்தாலே போதும்.

புயல், வெள்ளம் என்று பள்ளியே மூடிக் கிடந்து திறந்தால்?

2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையைக் கடந்தபோது பள்ளிக் கட்டடங்கள் நிவாரண முகாம்களாயின. பாடம் நாள்கணக்கில் நின்றது. அப்படித் திறக்கும் வாரத்தில் பழைய பட்டியலை எடுக்காதீர்கள். எந்தப் பிள்ளைக்கு வீட்டுக் கூரை போயிற்று, யாருடைய புத்தகம் நனைந்தது, காற்றடித்தால் யார் நடுங்குகிறார்கள் என்று வகுப்புவாரியாகப் பார்ப்பதே அன்றைய கூட்டம். ஆசிரியர்களில் வீடு இழந்தவர் இருந்தால் அவர் அன்று சும்மா உட்கார்ந்திருக்கட்டும்.

கூட்டம் புலம்பலாகவே முடிகிறது. என்ன செய்வது?

புலம்பலைத் தடை செய்தால் அது வராந்தாவுக்குப் போகும். நேரம் கொடுங்கள்: தொடக்கத்தில் மூன்று நிமிடம், கடிகாரம் பார்த்து. சொன்னதைக் கரும்பலகையில் இரண்டு பக்கமாக எழுதுங்கள், "நம் கையில் இருப்பது", "நம் கையில் இல்லாதது" என்று. காலிப் பணியிடம், தேர்தல் பணி, கணக்கெடுப்பு எல்லாம் வலப்பக்கம் போகும். அவற்றுக்குச் சங்கம் இருக்கிறது, மனு இருக்கிறது. இடப்பக்கம் ஒரு வரியாவது விழும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். மேசை மேல் நோட்டு இல்லாத நாளில்தான் புலம்பல் நீளும் என்பதைக் கவனித்தால் மருந்தும் தெரிந்துவிடும்.

மூத்த ஆசிரியர் ஒருவரே பேசுகிறார். புதிதாக வந்த டீச்சர் வாயே திறப்பதில்லை.

சேவையில் இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில் என்று வரிசை வைத்துவிடுங்கள். முதல் நாளே விதியாகச் சொன்னால் யாரையும் குறிவைத்ததாக இராது. "சார் கடைசியாகச் சொல்லி முடித்துவைக்கட்டும்" என்றால் மரியாதையும் குறையாது. எல்லோரும் பேசுமுன் இரண்டு நிமிடம் எழுதச் சொல்வதும் உதவும். பேசத் தயங்குகிறவர் எழுதியதை வாசிக்கத் தயங்க மாட்டார். கடைமடைக்குத் தண்ணீர் போக வேண்டுமென்றால் தலைமடையில் முறை வைத்துத்தானே ஆக வேண்டும்.

தலைமையாசிரியர் உட்காரலாமா?

மூன்றில் ஒரு கூட்டத்துக்கு, முன்கூட்டியே சொல்லிவிட்டு. வந்தால் அவரும் ஒரு பிரச்சினையை மேசை மேல் வைக்க வேண்டும். பார்வையாளராக மட்டும் அமர்ந்தால் அது ஆய்வு. ஆய்வில் யாரும் தன் வகுப்பின் ஓட்டையைக் காட்ட மாட்டார். உள்ளே இருந்து செய்வதைவிட அவர் வெளியிலிருந்து செய்வதுதான் பெரிய உதவி: அந்தப் பாடவேளையைக் காப்பது, மாற்று ஆசிரியரைப் போடுவது, அந்த நாற்பது நிமிடத்தில் "டீச்சர், அந்தப் பட்டியல்..." என்று யாரையும் எழுப்பாமல் இருப்பது. குழு நோட்டைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட ஆரம்பித்தால் அன்றோடு குழு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவேடு வேண்டுமா? வாட்ஸ்அப் குழு?

ஒரு நீள நோட்டு போதும். நான்கு கட்டம்: தேதி, விஷயம், செய்து பார்ப்பது, என்ன ஆச்சு. ஒரு கூட்டத்துக்கு அரைப் பக்கம். மூன்று பக்க அறிக்கை எழுதும் குழுவில் எழுதுகிறவர் முதலில் சலித்துப்போவார். நாலாவது கட்டத்தை அடுத்த கூட்டத்தில்தான் நிரப்ப முடியும் என்பதால் அந்தக் காலி இடமே கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்.

வாட்ஸ்அப்பை நாள் நினைவூட்ட மட்டும் வையுங்கள். பிள்ளையின் பெயரோ முகமோ நோட்டின் படமோ அதில் போகக் கூடாது. குழுவில் சொன்ன ஒரு தடுமாற்றம் வேறொரு பள்ளி ஸ்டாஃப் ரூமில் சிரிப்பாகத் திரும்பி வந்தால், அதற்குப் பிறகு எல்லோரும் நன்றாக நடந்த பாடத்தை மட்டும் கொண்டுவருவார்கள்.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. எங்களுக்கு இது பொருந்துமா?

இரண்டு பேர் மட்டும் என்றால் பேச்சு உண்டு, குழு இல்லை. பக்கத்து இரண்டு மூன்று பள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாக ஒரு நாள் தேட வேண்டாம். எல்லோரும் எப்படியும் ஒரே இடத்துக்கு வரும் குறுவள மையக் கூட்ட நாளில் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம், ஒரு மரத்தடி போதும். அந்த நாள்கள் அடிக்கடி வராது என்பதால், நடுவில் ஒருமுறை இருபது நிமிடம் தொலைபேசியில் பேசி "என்ன ஆச்சு" கட்டத்தை நிரப்பிக்கொள்ளுங்கள்.

டீ, பலகாரம்?

டீ வேண்டும், கடைசிப் பாடவேளையில் அது இல்லாமல் யாரும் யோசிக்க முடியாது. பலகாரத்தில் எச்சரிக்கை. பிஸ்கட்டில் தொடங்கி, முறுக்காகி, ஒருவர் கேசரி கிண்டிக் கொண்டுவந்தால் அடுத்த முறைக்காரருக்குப் பாடத்தைவிடப் பலகாரம் பெரிய கவலையாகிவிடும். டீயும் பிஸ்கட்டும் என்று எழுதிவைத்துவிடலாம்.

இது வெளிநாட்டுச் சரக்கு இல்லையா?

ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் கவனித்துப் பேசும் ஜுக்யோ கென்க்யூ நூறாண்டுக்கு மேற்பட்டது. 1950களில் லண்டனில் மைக்கேல் பாலிண்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர் பொது மருத்துவர்களை உட்கார வைத்து, அவரவர் நோயாளிகளைப் பற்றிப் பேசச் செய்தார். முறை அங்கிருந்தும் வந்திருக்கலாம். மேசை மேல் இருப்பது நம் பிள்ளையின் நோட்டு.

நடத்திக்கொண்டிருந்தவர் மாறுதலில் போய்விட்டார். குழுவும் போய்விட்டது.

மிக அடிக்கடி நடப்பது இது. கலந்தாய்வு முடிந்து ஜூலையில் பார்த்தால் நோட்டு எங்கே என்றே யாருக்கும் தெரியாது. நடத்தும் பொறுப்பு ஒருவரிடம் நிலைத்துவிடுவதுதான் காரணம். மூன்று கூட்டத்துக்கு ஒருவர் என்று முறை மாற்றுங்கள். ஒவ்வொரு கூட்டமும் மாற்றினால் யாருக்கும் கை பழகாது. ஆண்டு முழுதும் ஒருவர் என்றால் அவர் குழுவாகிவிடும்.

அடுத்த ஆண்டுக்கான ஆளை ஜூலையில் தேடக் கூடாது. நம் பக்கத்தில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, கதிர் நிற்கும்போதே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். அறுத்து முடித்தபின் தெளித்தால் ஈரம் போய்விடும். அதுபோல மார்ச் கூட்டத்திலேயே, இன்னும் குழு உயிரோடு இருக்கும்போதே, ஜூலையில் முதல் கூட்டத்தை நடத்தப்போகிற இருவரைக் குறித்து, நோட்டையும் கையில் கொடுத்துவிடுங்கள். இருவரில் ஒருவராவது மாறுதல் கேட்காதவராக இருப்பது நல்லது. புதிதாக வருபவருக்கு விளக்கக் கூட்டம் வேண்டாம். பழைய நோட்டில் நாலு பக்கம் வாசிக்கக் கொடுங்கள், முதல் இரண்டு கூட்டத்துக்கு அவர் எதையும் கொண்டுவரத் தேவையில்லை என்று சொல்லுங்கள்.

எவ்வளவு முயன்றும் நடக்கவில்லை என்றால்?

தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு "என்ன ஆச்சு" கட்டம் காலியாகவே இருந்தால் நிறுத்திவிடுங்கள். வாராவாரம் தேதி போட்டு யாரும் வராமல் போவதைவிட, எல்லோரும் உட்கார்ந்து "இந்த அரையாண்டுக்குப் போதும்" என்று சொல்லிக் கலைவது மேல். அப்படிக் கலைந்தவர்கள் மறுபடி கூடுவதில் சங்கடம் இருக்காது. நோட்டைத் தலைமையாசிரியர் அறை பீரோவில் வைக்காதீர்கள். ஸ்டாஃப் ரூம் அலமாரியில், சாக்பீஸ் பெட்டி இருக்கும் தட்டிலேயே இருக்கட்டும்.